'முடிஞ்சது'ன்னு எழுத ஒரு ஆள் வேணும்: வெள்ள நேரத்துல தன்னார்வலர் வேலைன்னா உண்மையில என்ன?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த திரும்பச் சொல்லல்களை மட்டும் நீக்கி, படிக்க வசதியாகத் தொகுத்திருக்கிறோம்.)

வழக்கமா இங்க கோடிங், இன்டர்வியூ, ஆஃபீஸ் புலம்பல்னு ஓடிட்டு இருக்கும். இன்னிக்குக் கொஞ்சம் வேற. வடகிழக்குப் பருவமழை வரப்போகுதுன்னா என் இன்பாக்ஸுக்கு ஒரே மாதிரி மெசேஜ் வர ஆரம்பிச்சுடும். "ப்ரோ, வெள்ளம் வந்தா நானும் ஏதாவது செய்யணும்னு நினைக்கிறேன். எங்க போய் நிக்கணும்? என்ன வாங்கிட்டுப் போகணும்?"

கேக்கறவங்க மனசு நல்ல மனசு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா அந்த நல்ல மனசோட நான் பண்ண ஒரு தப்பை முதல்ல சொல்றேன். மீதி எல்லாம் அதுலேர்ந்து தானா புரியும்.

அந்த ஒரு வரி

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். டிசம்பர் 3, 4 ரெண்டு நாள் சென்னையில பேய்மழை. நாலாம் தேதி ஏர்போர்ட்டையே மூடிட்டாங்க. அஞ்சாம் தேதி புயல் ஆந்திராவுல பாபட்லா பக்கம் கரையைக் கடந்துடுச்சு. மழை விட்டுடுச்சு, ஆனா தண்ணி போகல. பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், வேளச்சேரி, முடிச்சூர்னு பல இடத்துல தரைத்தளம் முழுகிக் கிடந்துச்சு. கரண்ட் இல்ல, நிறைய இடத்துல டவரும் இல்ல.

நான் இருந்த ஏரியாவுல செவ்வாய்க்கிழமை காலையிலேயே கரண்ட் வந்துடுச்சு. ஒரு நிவாரண அமைப்புல ஃபோன் டெஸ்க்குக்கு ஆள் தேவைன்னு நண்பன் சொன்னான். லேப்டாப், நெட், தமிழ்ல பேசத் தெரிஞ்ச வாய், இவ்வளவுதான் தகுதி. சேர்ந்துட்டேன். வேலை என்னன்னா, உதவி கேட்டு வர்ற மெசேஜை எல்லாம் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்ல வரி வரியா ஏத்தணும். அதைப் பார்த்து களத்துல இருக்கிற டீம் போட் அனுப்பும்.

மத்தியானம் என் காலேஜ் க்ரூப்ல ஒரு ஸ்க்ரீன்ஷாட் வந்துச்சு. பெரும்பாக்கம் பக்கம், ரெண்டாவது மாடி, எட்டு மாச கர்ப்பிணி, மொத்தம் அஞ்சு பேர், ஒரு ஃபோன் நம்பர். கூப்பிட்டேன், ஸ்விட்ச்டு ஆஃப். "ஐயோ, சார்ஜ் தீர்ந்துடுச்சு போல"ன்னு பதறிட்டு, ஷீட்ல ஏத்தி 'மிக அவசரம்'னு சிவப்பு கலர் அடிச்சேன். பெரிய வேலை பண்ணிட்ட திருப்தி வேற.

மறுநாள் காலையில போட்ல போன மீனவர் அண்ணன் எங்க டெஸ்க்குக்கு ஃபோன் பண்ணார். அதை எடுத்தது நான்தான். "தம்பி, இங்க யாரும் இல்ல. பக்கத்து வீட்டுக்காரங்க சொல்றாங்க, அந்தப் பொண்ண நேத்து காலையிலேயே சொந்தக்காரங்க வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்களாம். எங்களுக்கு முன்னாடியே ரெண்டு போட் வந்துட்டுப் போயிருக்கு. ஆள் இல்லாத வீட்டுக்கு எத்தனை தடவைதான் அனுப்புவீங்க?"

அதாவது, நான் அந்த வரியை ஏத்தினப்போ அவங்க ஏற்கனவே பத்திரமா வெளிய வந்துட்டாங்க. அதே ஸ்க்ரீன்ஷாட் இன்னும் ரெண்டு குழுவுக்கும் போயிருக்கு. மூணு பேர் மூணு போட்டை ஒரு காலி வீட்டுக்கு அனுப்பியிருக்கோம்.

இது மட்டும்னா பரவாயில்லன்னு விட்டிருப்பேன். அதே ஷீட்ல, எனக்கு அஞ்சாறு வரி கீழ, இன்னொருத்தர் ஏத்தின ஒரு வரி இருந்துச்சு. அங்கேர்ந்து ரெண்டு தெரு தள்ளி, எழுபது வயசு தாண்டின ஒரு பெரியவர். சர்க்கரை நோயாளி, இன்சுலின் முந்தின நாளே தீர்ந்துடுச்சு. நிலை: 'காத்திருப்பு'. என் சிவப்பு வரி மேல இருந்ததால இது கீழ போயிடுச்சு. அதே போட் அவங்க வீட்டுக்குப் போய்ச் சேர்றப்போ சாயங்காலம் நாலு மணி.

அவர் பிழைச்சுட்டார், நல்லவேளை. சரிபார்க்க ஃபோன் பண்ணப்போ அவர் மகன் கோபப்படக்கூட இல்ல. "சார், ஒண்ணு மட்டும் கேக்கறேன். பக்கத்துத் தெருவுக்கு மூணு தடவை போட் வந்துச்சே, மாடியிலேர்ந்து பார்த்து நாங்க கையாட்டினோமே, ஏன் சார் யாரும் திரும்பல?"ன்னார். என்கிட்ட பதில் இல்ல. அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்த எபிசோட்.

போட் குறைவு இல்ல, தகவல் பழசு

சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது பழகின விஷயம். சர்வர்ல டேட்டா மாறிடுச்சு, ஆனா கேஷ்ல பழைய டேட்டாவே இருக்கு. வெப்சைட்ல அதனால ஒரு பழைய விலை காட்டும், அவ்வளவுதான். வெள்ளத்துல அதே தப்பு ஒரு போட்டோட மூணு மணி நேரத்தைத் தின்னுடும்.

உதவி கேக்கற மெசேஜ் பரவுற வேகம் ரொம்ப ஜாஸ்தி. "அவங்களை மீட்டாச்சு"ங்கற மெசேஜ் பரவவே பரவாது. ஏன்னா முதல் மெசேஜை ஃபார்வர்ட் பண்ணா நமக்கு ஏதோ செஞ்ச மாதிரி இருக்கு. ரெண்டாவதை ஃபார்வர்ட் பண்ண யாருக்கும் தோணாது. அதனால ஷீட்ல தேவைகள் சேர்ந்துகிட்டே போகும், குறையவே குறையாது. அஞ்சாறு மணி நேரத்துல, எது உயிரோட இருக்கிற கோரிக்கை, எது செத்த கோரிக்கைன்னு யாருக்கும் தெரியாம போயிடும்.

எங்க டெஸ்க்கை நடத்தின அக்கா அன்னிக்கு ராத்திரி எனக்குச் சொன்னது இதுதான்: "புதுசா வரி ஏத்த நூறு பேர் வருவாங்கப்பா. இருக்கிற வரியில 'முடிஞ்சது'ன்னு எழுதத்தான் எனக்கு ஆள் இல்ல." அன்னியிலேர்ந்து நான் அந்த வேலைக்கு மாறிட்டேன்.

ஒரு கோரிக்கை எப்படி நகரணும்

நல்லா நடக்கிற டெஸ்க்ல ஒவ்வொரு கோரிக்கையும் அஞ்சு நிலையைத் தாண்டும். வந்தது, சரிபார்த்தது, ஒரு டீம்கிட்ட ஒப்படைச்சது, டீம் போய்ச் சேர்ந்தது, முடிஞ்சது. நம்ம ஆஃபீஸ்ல டிக்கெட் நகர்ற மாதிரியேதான். இதுல ரெண்டு விதி முக்கியம்.

ஒண்ணு, சரிபார்க்காம எதுவும் களத்துக்குப் போகக் கூடாது. ஃபோன் ஸ்விட்ச்டு ஆஃப்னா அது 'அவசரம்' இல்ல, 'தெரியல'. இந்த ரெண்டையும் குழப்பினதுதான் என் தப்பு. 'தெரியல'ன்னா அடுத்து மெசேஜ் அனுப்பினவரைத் தேடணும், அவருக்கு யார் அனுப்பினாங்கன்னு கேக்கணும், சங்கிலியில பின்னாடி போய்கிட்டே இருந்தா கடைசியில அந்தக் குடும்பத்தை நேர்ல தெரிஞ்ச ஒருத்தர் கிடைப்பார். பெரும்பாலும் நாலஞ்சு கால்ல கிடைச்சுடுவாங்க.

ரெண்டு, ஒரு வரிக்கு ஒரே ஒரு ஆள் பொறுப்பு. பேர் போட்டு எடுத்துக்கணும். இல்லன்னா ஒரே குடும்பத்துக்கு இருபது பேர் ஃபோன் பண்ணுவோம். அவங்ககிட்ட இருக்கிறது பன்னெண்டு சதவீதம் சார்ஜ். நம்ம அக்கறையே அவங்க ஃபோனை அணைச்சுடும்.

ஃபோன்ல என்ன கேக்கணும்

ஒரு கால், மூணு நிமிஷம், எல்லாத்தையும் வாங்கிடணும். எத்தனை பேர், வயசு என்ன? நடக்க முடியாதவங்க, கர்ப்பிணி, குழந்தை யாராவது இருக்காங்களா? என்ன மருந்து, இன்னும் எத்தனை வேளைக்கு இருக்கு? தண்ணி எதுவரைக்கும், முழங்காலா, இடுப்பா, அதுக்கு மேலயா? ஏறுதா, அப்படியே இருக்கா? வெளிய வரணுமா, இல்ல அங்கேயே இருந்துக்கறீங்களா, சாப்பாடும் தண்ணியும் மட்டும் போதுமா? கடைசிக் கேள்வியை நிறைய பேர் கேக்கறதே இல்ல. மாடியில இருக்கிற பலருக்கு வீட்டை விட்டு வர மனசு இருக்காது, அவங்களுக்குத் தேவை குடிதண்ணியும் பால் பவுடரும்தான்.

அடுத்தது விலாசம். புறநகர்ல பாரதியார் தெரு, காந்தி தெரு எத்தனை இருக்குன்னு எண்ணவே முடியாது. தெருப் பலகை தண்ணிக்குள்ள. போட் ஓட்டுற அண்ணன் கடலோரத்துக்காரர், உங்க நகர்ல மூணாவது குறுக்குத் தெரு எதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்? அதனால, "உங்க மாடியிலேர்ந்து பார்த்தா உயரமா என்ன தெரியுது?"ன்னு கேளுங்க. தண்ணி டேங்க், கோயில் கோபுரம், டவர், பெயிண்ட் அடிச்ச பெரிய பில்டிங். முடிஞ்சா மொட்டை மாடியில ஒரு கலர்த் துணியைக் கட்டச் சொல்லுங்க.

எல்லா வரியிலயும் நேரம் எழுதுங்க. 'இன்னிக்கு'ன்னு எழுதாதீங்க, 'டிசம்பர் 5, மதியம் 2.10'னு எழுதுங்க. அந்த ஸ்க்ரீன்ஷாட்ல தேதி இருந்திருந்தா நான் அந்தத் தப்பைப் பண்ணியிருக்கவே மாட்டேன். காலை வைக்கறதுக்கு முன்னாடி, "சாயங்காலம் ஆறு மணிக்கு நானே கூப்பிடறேன், அதுவரைக்கும் ஃபோனை அணைச்சு வைங்க"ன்னு சொல்லிட்டு, ஆறு மணிக்குக் கண்டிப்பா கூப்பிடுங்க. கால் போகலைன்னா எஸ்எம்எஸ் அனுப்புங்க. நெட்வொர்க் திணர்ற நேரத்துலயும் அது போய்ச் சேர வாய்ப்பு அதிகம்.

இது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்ல

2004 டிசம்பர் 26 சுனாமி. இலங்கையில ஒரே நேரத்துல ஏகப்பட்ட அமைப்புகள் களத்துல இறங்கின. யார் எங்க என்ன செய்யறாங்கன்னு யாருக்கும் தெரியல. அப்போ அங்க இருந்த சாஃப்ட்வேர்காரங்க தன்னார்வலரா சேர்ந்து 'சஹானா'ன்னு ஒரு இலவச மென்பொருளை எழுதினாங்க. சிங்களத்துல சஹானான்னா நிவாரணம். காணாமப் போனவங்க பட்டியல், முகாம்கள் பட்டியல், எந்த அமைப்பு எங்க வேலை செய்யுது, யாருக்கு என்ன தேவை, இவ்வளவுதான் அதோட அடிப்படை. அடுத்த வருஷம் பாகிஸ்தான் நிலநடுக்கத்துலயும் அதைப் பயன்படுத்தினாங்க.

2010 ஜனவரியில ஹைட்டி நிலநடுக்கம். 4636ங்கற எண்ணுக்கு மக்கள் எஸ்எம்எஸ் அனுப்பினாங்க, அது ஹைட்டியன் க்ரியோல் மொழியில இருந்துச்சு. வெளிநாடுகள்ல இருந்த ஹைட்டிக்காரங்க வீட்டுல உட்கார்ந்து அதை மொழிபெயர்த்தாங்க. இன்னொரு பக்கம், சாட்டிலைட் படத்தைப் பார்த்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல தலைநகரோட தெருக்களை வரைஞ்சாங்க. அவங்கள்ல பல பேர் ஹைட்டி மண்ணை மிதிச்சதே இல்ல.

2018 ஆகஸ்ட் கேரள வெள்ளத்துல 'கேரளா ரெஸ்க்யூ' வெப்சைட். அரசோட ஐடி மிஷனும் தன்னார்வ டெவலப்பர்களும் சேர்ந்து உருவாக்கினது, கோடு எல்லாருக்கும் திறந்தே இருந்துச்சு. மீனவர்கள் தங்களோட படகை லாரியில ஏத்திகிட்டு வந்து மக்களைக் காப்பாத்தினதை எல்லாரும் பார்த்தோம். அந்தப் படகு எந்த வீட்டுக்குப் போகணும்னு சொல்ல, யாரோ ஒருத்தர் எங்கேயோ உட்கார்ந்து ஃபோன் மேல ஃபோன் போட்டுகிட்டு இருந்ததை யாரும் வீடியோ எடுக்கல.

மூணு இடத்துலயும் மென்பொருள் வேற வேற. ஆனா அடியில இருக்கிற வேலை ஒண்ணேதான்: யார், எங்க, என்ன, எப்போ. கூடவே, முடிஞ்சதா இல்லையா.

பொருள் கொடுக்கறதுலயும் இதே கதை

"எனக்கு ஃபோன் பேசல்லாம் வராது, பொருள் வாங்கித் தரேன்"னு சொல்றவங்களுக்கு. சுனாமி சமயத்துல நாகப்பட்டினம் பக்கம் சாலையோரமா பழைய துணி மலை மலையா கிடந்துச்சு. நாடு முழுக்கலேர்ந்து லாரி லாரியா வந்தது, யாரும் கேக்காதது. அதை இறக்க, பிரிக்க, அப்புறப்படுத்த ஆள் வேணும், இடம் வேணும். உதவியே ஒரு சுமையாயிடுச்சு. எல்லாம் இழந்து நிக்கறவங்களுக்கும் மானம்னு ஒண்ணு இருக்கு, நம்ம கிழிஞ்ச சட்டையை ஏன் அவங்க போட்டுக்கணும்?

அதனால பொருள் அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி: இதை யார் கேட்டாங்க? களத்துல இருக்கிற டீம் "நாப்கின் 200 பாக்கெட் வேணும்"னு சொன்னா, அதையே, அவ்வளவே வாங்குங்க. இல்லன்னா பணமாக் கொடுங்க.

அளவு பத்தியும் ஒரு கணக்கு சொல்றேன். மனிதாபிமான உதவிக்கு 'ஸ்பியர்'னு உலகம் முழுக்க ஏத்துக்கிட்ட குறைந்தபட்ச அளவுகோல் இருக்கு. அதுல தண்ணி ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர். குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து. 100 பேர் இருக்கிற முகாமுக்கு ஒரு நாளைக்கு 1,500 லிட்டர். நாம காரோட டிக்கியில எடுத்துட்டுப் போற நாலு கேஸ் தண்ணி பாட்டில் குடிக்கறதுக்கு மட்டும்தான் உதவும். அங்க உண்மையிலேயே தேவைப்படறது தண்ணி லாரி, அதுக்கு வழி, அதை ஏற்பாடு பண்ற ஒருத்தர்.

தண்ணியில இறங்கறவங்களுக்கு

எல்லாரும் டெஸ்க்லயே இருக்க முடியாது, களத்துக்கும் ஆள் வேணும். ஆனா தனியாப் போகாதீங்க, ஒரு அமைப்போட, பேர் பதிஞ்சுட்டுப் போங்க. தண்ணிக்கு அடியில மூடியில்லாத மேன்ஹோல் இருக்கும், கையில ஒரு நீளமான குச்சி வச்சு ஊணிப் பார்த்துட்டு அடி எடுத்து வைங்க. கரண்ட் கம்பத்தையும் ஜங்ஷன் பாக்ஸையும் நெருங்காதீங்க. கால்ல புண்ணு இருந்தா இறங்கவே வேண்டாம், அந்தத் தண்ணியில எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். முன்கூட்டியே மாத்திரை தேவையான்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. ரெண்டு மூணு நாள் கழிச்சு காய்ச்சல் வந்தாலும் சரி, ரெண்டு வாரம் கழிச்சு வந்தாலும் சரி, வெள்ளத் தண்ணியில இறங்கினதை டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க.

தண்ணி வடிஞ்ச பிறகு

நாலாவது நாள் ஆஃபீஸ் திறந்துடும், நம்ம க்ரூப் அமைதியாயிடும். ஆனா தரைத்தளத்துல இருந்தவங்களுக்கு வேலையே அப்பதான் ஆரம்பிக்குது. சேறு அள்ளணும், மெத்தை போச்சு, அடுப்பு போச்சு, குழந்தையோட புத்தகம் போச்சு, ஒரு வாரக் கூலியும் போச்சு.

மிக்ஜாமுக்கு அப்புறம் தமிழ்நாடு அரசு, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு ரேஷன் கடை மூலமா 6,000 ரூபாய் கொடுத்துச்சு. ரேஷன் கார்டு இல்லாதவங்களும் விண்ணப்பிக்கலாம்னு சொன்னாங்க. ஆனா அந்த ஃபார்மை நிரப்பணும், ஆவணம் இணைக்கணும். ஆவணமே தண்ணியில நனைஞ்சு போனவங்க எப்படி நிரப்புவாங்க? நாங்க ஏழெட்டு பேர் ஒரு சனிக்கிழமை முழுக்க ஒரு மர நிழல்ல உட்கார்ந்து ஃபார்ம் நிரப்பிக் கொடுத்தோம். அந்த மாசத்துல நான் பண்ண உருப்படியான வேலை அதுதான்னு இன்னிக்கும் நினைக்கிறேன்.

மழைக்கு முன்னாடியே

அதனால, "எங்க போய் நிக்கணும்?"னு கேட்ட நண்பர்களுக்கு என் பதில்: மழை வர்ற அன்னிக்கு எங்கேயும் போய் நிக்காதீங்க. இப்பவே ஒரு அமைப்புல சேருங்க. போன வெள்ளத்துல என்ன வேலை பண்ணீங்க, முடிஞ்சதுன்னு எப்படி உறுதி பண்றீங்கன்னு அவங்ககிட்ட கேளுங்க. அதுக்கு நேரா பதில் சொல்றாங்கன்னா சேரலாம். பயிற்சி வேணும்னா தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தோட 'ஆப்தா மித்ரா' திட்டம் 2016லேர்ந்து இருக்கு, உள்ளூர் மக்களையே முதல் உதவியாளர்களா பழக்கறாங்க. மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077. ரெண்டையும் இப்பவே ஃபோன்ல சேவ் பண்ணிக்கோங்க.

ஒரு ஃபார்வர்ட் வந்தா, அனுப்பறதுக்கு முன்னாடி அந்த நம்பருக்கு ஒரு கால் பண்ணுங்க. பத்திரமா இருக்காங்கன்னா, வந்த வழியிலேயே திருப்பிச் சொல்லுங்க: "மீட்டாச்சு, இதை இனிமே அனுப்பாதீங்க." இதுக்கு யாரும் லைக் போட மாட்டாங்க.

அந்தப் பெரியவர் வீட்டுக்கு நான் அப்புறம் ஒரு நாள் நேர்ல போனேன். மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போய், "இங்கேர்ந்துதான் தம்பி கையாட்டினோம்"னு காட்டினார். அங்கேர்ந்து பார்த்தா அந்தக் காலி வீடு நல்லாவே தெரியுது. குரல் கொடுத்தா கேக்கற தூரம். ஷீட்ல அவருக்கும் எனக்கும் நடுவுல அஞ்சாறு வரிதான் இருந்துச்சு.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே. பத்திரமா இருங்க.